இருபத்தேழாம் மிடறு

சஜா முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில்
வியாழன் காலை நான்கு மணிக்கு, ஷிப்டுக்கு முன்னால்,
அறுபத்திரண்டு பேர் எனக்கு வாய் திறந்தார்கள்.
ஒரு குச்சி, ஒரு நொடி, ஓர் ஓங்கரிப்பு.
பெயர் கேட்கவில்லை, எண் ஒட்டினேன்.
கையோடு ஆளுக்கொரு மாத்திரை.
பற்பசை, பீடி, நேற்றைய வெங்காயம்,
இரண்டு நாளாக யாருக்கும் வராத தூக்கம்,
எல்லாம் தொண்டையில் தெரிகிறது.

சுபல் நாயக்குக்கு இருபத்து மூன்று வயது.
திங்கள் மாலை தலைவலி என்றிருக்கிறான்.
பனடோல் கொடுத்திருக்கிறார்கள்.
செவ்வாய் காலை காலில் ஊதாப் புள்ளிகள்,
கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாதவை.
அஸர் பாங்கு கேட்டபோது அவன் இல்லை.

முகாமில் அன்றிரவே தீர்ப்பாகிவிட்டது.
நெயினார்.
போன வாரம்தான் உம்ரா முடித்து பஸ்ஸில் திரும்பியவர்.
பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும்
அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்.
ஊசி போட்ட மஞ்சள் அட்டையைக் காட்டினாராம்,
யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.
அவர் கட்டில் இப்போது மாடிப்படிக்குக் கீழே.
ஜம்ஜம் பாட்டில்களைக் குப்பையில் எறிந்தவர்கள்
பேரீச்சம்பழத்தை முன்பே தின்று முடித்திருந்தார்கள்.

சாக்லேட் தட்டு என்போம், அதில் சாக்லேட் இல்லை.
சூடாக்கிய குதிரை ரத்தம்.
இன்குபேட்டரில் வாயு தீர்ந்துபோன வாரம் அது.
ஜாடிக்குள் மெழுகுவத்தி ஏற்றி மூடினேன்.
சுடர் இருக்கிற காற்றைத் தின்று தானே அணைந்தது.
மிஞ்சும் புழுக்கம்தான் இதற்குப் பிடிக்கும்,
எட்டுப் பேர் படுக்கும் அறையின் புழுக்கம்.

மறுநாளுக்கு மறுநாள் சாம்பல் நிறப் பனித்துளிகள்.
சொட்டு விட்டு எண்ணினேன்: ஏழு, எட்டு, ஊதா.
நுண்ணோக்கியில் ஜோடி ஜோடியாக
முகம் பார்த்து உட்கார்ந்த காபிக்கொட்டைகள்.
பதினோரு தொண்டைகளில் குடியிருப்பு,
பதினோரு பேருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.
மனிதனை விட்டால் இதற்கு வேறு ஊர் கிடையாது.
வரும், தங்கும், சொல்லாமல் போய்விடும், பெரும்பாலும்.

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஏழு மரபணுக்கள், ஏழு எண்கள்.
மரிசெல் வாசிக்க, நான் எழுத,
சுபலின் தண்டுவட நீரில் கிடைத்ததோடு
வரி வரியாக ஒப்பிட்டோம்.

இருபத்தேழு: உறையே இல்லாத வகை, பரம சாது.
இருபத்தேழு யாரென்று எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
வரிசையில் முன்னும் பின்னும்
இரண்டு முழம் காலி விட்டு நின்றவர் ஒருவர்தானே.

நாற்பத்தொன்று: ஏழுக்கு ஏழு.
இரண்டு வருடமாக ஷார்ஜாவைத் தாண்டாதவன்.
குச்சி படுமுன்னே அழுதவன்.
"ஒரே கிளாஸ்ல டீ குடிப்போம் மேடம்,
அவன்கிட்டருந்து எனக்கு வந்திருக்குமா?"
கேள்வி திசைமாறி நிற்கிறதோ என்று நினைத்தேன்.
எண்கள் ஒன்று என்று சொல்லும், டாக்டர் ஹனான் சொன்னார்,
யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லாது.

அறிக்கையில் பெயருக்குக் கட்டம் இல்லை.
அனைவருக்கும் தடுப்பூசி, என்று கடைசி வரி.
அது போதும். அதுதான் சரி.

அடுத்த வெள்ளி ஊசிப்பெட்டியோடு போனேன்.
நெயினார் மஞ்சள் அட்டையை நீட்டினார்.
வாங்கி, தேதி வரைக்கும் படித்தேன்.
உங்களிடமிருந்து இல்லை, என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொன்னால் அடுத்த மூச்சில் கூடம் கேட்கும்,
அப்ப யாரு?
பத்துப் பேர் தள்ளி வைரவன் நின்றான்,
சுபலின் சார்ஜர் வயரை விரலில் சுற்றியபடி.

விழுங்கினேன்.
பிறகு, தாகமாக இருக்கிறது, ஜம்ஜம் மிச்சம் இருக்கிறதா, என்றேன்.
அரை பாட்டில் இருந்தது. அவர் குடித்த மீதி.
அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை,
அறுபது பேர் பார்க்க வாய் வைத்துக் குடித்தேன்,
ஒரு மிடறு, இன்னொரு மிடறு.

தட்டுகளின் சத்தம் நின்றது.
பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்,
ஊசி போட்டுக்கிட்டா இன்னைக்குக் குளிக்கலாமா மேடம்?
அதற்கு என்னிடம் பதில் இருந்தது.